என் பச்சை முகத்தின் மேல் சாயம் பூச வேண்டாம்

அனுப்புநர்:
லேபெரெக்ட் கூனாட்,
முன்னாள் மேயர்,
தோல்பதனிடுவோர் தெரு,
வைடன்பாக், ஸாக்ஸனி.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
நகர மன்றம், வைடன்பாக்.

பொருள்: மன்ற மாடிப்படியில் உள்ள என் உருவப்படத்துக்குப் புதுச்சாயம் பூசுவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஓய்வுபெறும் மேயரைப் படமாக வரைந்து மாடிப்படியில் மாட்டுவது நம் ஊர் வழக்கம். என்னை வரைந்தவர் நம்மூர்ப் பெண் ஹெட்டா லீப்ஷர். முகம் பாசிப் பச்சை. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். திறப்பு விழாவிலேயே இறைச்சிக் கடை ஓட்டோ, "என்னங்க மேயரே, கெட்டுப்போன ஈரலைத் தின்னீங்களா? எங்க கடைல வாங்கலன்னு சொல்லிடுங்க!" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைத் திருத்தச் சொல்லி முதலில் மனு கொடுத்தவனே நான்தான். அதன்பேரில் வரும் திங்களன்று, கடைப்பலகை எழுதும் ரூடல் என் முகத்துக்குச் சதை நிறம் பூச இருக்கிறார்.

2. ஆனால் ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. காதோர மருவைக்கூட விடாமல் போட்ட ஹெட்டா, நிறத்திலும் மூக்கிலும் வாயிலும் மட்டும் ஏன் இப்படிச் செய்தார்? கேட்டே விடுவோம் என்று சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன்.

3. அந்த வாசலுக்கு நான் முன்பும் ஒருமுறை போனதுண்டு. போர்முனையில் இறந்தவர்களின் செய்தியை வீட்டுக்கு வீடு கொண்டுபோவது மேயரின் வேலையாக இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கறுப்புத் தொப்பியோடு நான் தெருவில் திரும்பினாலே, நம்ம வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று சன்னல்களைச் சாத்துவார்கள். ஹெட்டாவின் தம்பி இறந்த செய்தியையும் நான்தான் கொண்டுபோனேன். கதவைத் திறந்தது ஹெட்டா.

4. ஏன் பச்சை என்று கேட்டேன். "நீங்க உள்ள நில்லுங்க ஐயா, நான் வெளிய போறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய், வெளியிலிருந்து தட்டினார். அந்தக் கதவின் மேல்பாதி தடித்த பச்சைக் கண்ணாடி. அதன் வழியே அவரைப் பார்த்தேன். முகம் பச்சை, மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஐயோ, கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை ஐயா.

5. ஆகவே என் முந்தைய மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அன்று நான் தட்டியபோது அவர் கண்ணாடி வழியே பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார். ரூடல் தூரிகையை எடுக்கும் முன் தாங்களும் ஒருமுறை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன். ஓட்டோவையும் அழைத்துப் போகலாம். அவர் வீட்டுக் கதவையும் நான் தட்டியிருக்கிறேன்.

இடம்: வைடன்பாக்
நாள்: 14 மார்ச் 1922

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) லே. கூனாட்