சிப்பிக்கரை முட்டைகள்

2067 ஆகஸ்ட் 3, காலை 7.10
கள்ளித்தீவு கொசு வளர்ப்பு நிலையம். பணியில்: செ. அமலோற்பவம், பூச்சியியலாளர். வேறு ஆள் இல்லை. கூடம் 27 டிகிரி. எங்கள் ஆண் கொசுவோடு கூடும் பெண் இடுகிற முட்டை பொரிக்காது; உலகத்து டெங்குவை ஒழிக்க இதுதான் வழி என்கிறோம். எதிர்க்கரையில் சிப்பிக்கரை என்ற ஊரில் விட்டுச் சோதிக்கிறோம். இன்று கூண்டுகளுக்கு ஆட்டு இரத்தம் மாற்றினேன்.

ஆகஸ்ட் 5, பகல் 11.40
சிப்பிக்கரையில் சேகரித்த முட்டைகளை நனைத்தேன். பொரித்துவிட்டன. தட்டு முழுக்கச் சளிபோல நெளியும் புழுக்கள்.

ஆகஸ்ட் 16, காலை 9.20
புழுக்கள் கொசுவாயின. முந்தாநாள் டெங்கு வைரஸ் கலந்த இரத்தம் கொடுத்தேன். அந்த வைரஸ் கொசுவின் எச்சிலுக்கு வர எட்டுப் பத்து நாளாவது ஆக வேண்டும். இவற்றில் இரண்டே நாளில் வந்துவிட்டது. முடிவுகளை இயக்குநர் குலசேகரனுக்கு அனுப்பினேன். ரேடியோவில் அவர் பதில்:
"என்னம்மா இந்த நேரத்துல? இருபத்தஞ்சாம் தேதி மாநாடு. நாப்பது நாட்டுக்காரங்க வர்றாங்க. ஒண்ணுகூடப் பொரிக்கலன்னு எழுதி அனுப்பிடு."
பேசும்போது எதையோ மென்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 17, மாலை 4.05
வலையில் கிழிசல். கழுத்தில் கடி. அறைந்தேன். உள்ளங்கையில் அதன் வயிறும் என் இரத்தமும். கூடத்திலிருந்த அத்தனையையும் வெந்நீர் ஊற்றிக் கொன்றேன். நாற்றம் உடம்பை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 20, காலை 10.15
சிப்பிக்கரை செவிலியர் ஜெனிட்டா ரேடியோவில்:
"அமலாக்கா, நாலு பிள்ளைகள பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனேன். ரெண்டு திரும்பி வரல. நீங்க விட்ட கொசு ஒண்ணும் பண்ணாதுன்னுதானக்கா சொன்னீங்க?"
ஆமாம். ஊர்க் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னது நான்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள்:
"வாளி, தொட்டி எல்லாத்தையும் கவுக்கச் சொல்றேன். இனிமே எங்கூடப் பேசாதீங்க."
என் குரலைக் கேட்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, பகல் 1.30
காய்ச்சல் 104. கண்ணுக்குப் பின்னால் இடிக்கிறது. உண்மை முடிவுகளை நாற்பது நாடுகளுக்கும் அனுப்ப முயன்றேன். தலைமையகம் என் இணைப்பைத் துண்டித்துவிட்டது. வருவதைக் கேட்கலாம், எதுவும் அனுப்ப முடியாது. துண்டிக்கும் முன் ரேடியோவில் குலசேகரன்:
"காய்ச்சல்ல உளர்றம்மா. மாநாடு முடியட்டும், படகு அனுப்புறேன்."
சீ, இவரும் ஒரு மனிதரா. இவருக்கு ஒன்பது வருடம் வணக்கம் வைத்தவள் நான்.

ஆகஸ்ட் 25, மாலை 5.50
காய்ச்சல் விட்டுவிட்டது. தெரியாதவர்கள் மகிழ்வார்கள். டெங்கு கொல்லத் தொடங்குவது இப்போதுதான். ஈறில் இரத்தம். வயிற்றில் கல் கட்டியது போல. கை, கால் சில்லென்று.

5.58
ரேடியோவில் குலசேகரன்:
"மாநாடு பிரமாதம்மா! எல்லார் கையிலயும் நம்ம கொசு முட்டைப் பெட்டி குடுத்தாச்சு. ஊருக்குப் போன கையோட தொறக்குறாங்க. படகும் கிளம்பிடுச்சு. தைரியமா இரு."

6.20
படகில் வருபவருக்கு. என்னை விடுங்கள். இந்த ஏட்டை எடுத்து ஜெனிட்டாவிடம் கொடுங்கள். அந்தப் பெட்டிகளை எரிக்கச் சொல்ல வேண்டும். குலசேகரனிடம் மட்டும் கொடுக்காதீர்

படகுச் சத்தம். அதில் குலசேகரன் குரலும் கேட்கிற