மெல்போர்னில் இருவருக்கான அறை

அண்ணே,

இன்று காலை உலை வைத்திருந்த நேரத்தில் விமானக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபமாம். உங்கள் கணக்கை மூடிவிட்டார்களாம். அதில் டிக்கெட்டுக்காகச் சேர்ந்திருந்த பாயிண்டுகள் எல்லாம் ரத்தாம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாயிண்டுகளை நீங்கள் சேர்த்த கதை ராஜபாளையத்துக்கும் தெரியும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தெரியும். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஜவுளிக் கடைக் கல்லாவில் முதல் ஆளாய் நிற்பீர்கள். அவர்கள் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள், தேய்க்கத் தேய்க்க விமானப் பாயிண்ட் ஏறும் என்று. பேண்டேஜ் துணி வியாபாரத்துக்கு நூல் வாங்கினாலும் கார்டு, சித்தப்பாவின் கண் ஆபரேஷனுக்கும் கார்டு. பிள்ளைகள் உங்களைப் பாயிண்ட் மாமா என்றே கூப்பிட்டன. ஒண்டிக்கட்டைக்கு இதென்ன கிறுக்கு என்று பெரியவர்கள் கேட்டார்கள். எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும். மெல்போர்ன் மைதானத்தில் டிசம்பர் டெஸ்ட், நாம் இரண்டு பேரும், ஐந்து நாளும்.

மார்கழி விடியலில் போன் செய்வீர்கள். உங்கள் தெருவில் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே உங்கள் குரல் கேட்கும்: "ஏட்டி, டாஸ் போட்டாச்சு. டிவியப் போடு." நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் ராஜபாளையத்திலுமாக, போனை வைக்காமலே உணவு இடைவேளை வரை பார்ப்போம். நீங்கள் திட்டாத பந்துவீச்சாளர் கிடையாது. நம் தெருப் பயலே இதைவிட ஒழுங்காகப் போடுவான் என்பீர்கள்.

போன வருடமே இரண்டு டிக்கெட்டுக்குப் பாயிண்ட் சேர்ந்துவிட்டது. நான்தான், மகளுக்குப் பிளஸ் டூ, அடுத்த வருடம் போகலாம் என்றேன். உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. "சரிட்டி, பாயிண்ட் எங்க போயிரப் போவுது" என்றீர்கள். பாயிண்ட் போகவில்லை. வைகாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களுக்காகவாவது இந்த வருடம் போய், அந்த ஐந்து நாளையும் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். உங்கள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். காலண்டருக்குப் பின்னால் நீங்கள்தான் எழுதி வைத்திருந்தீர்கள். ஆனால் என் புத்தியைப் பாருங்கள். கரண்டு இணைப்பு, வீட்டு வரி எல்லாம் பெயர் மாற்றுகிற மாதிரி இதையும் முறையாக மாற்றிவிடுவோம் என்று நினைத்தேன். வாரிசுச் சான்றிதழுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை பஸ் ஏறினேன். அதையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்து என் கையாலேயே அனுப்பினேன். இறந்தவர் பாயிண்ட் யாருக்கும் போகாதாம், அது அவர்கள் விதியாம்.

நான் சொல்லும்வரை அவர்களுக்குத் தெரியாது அண்ணே. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள்.

பேசாமல் டிக்கெட்டைப் போட்டிருக்கலாமே என்று மகள் கேட்டாள். கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவளே அழுதாள். மெயிலைப் பார்த்த கையோடு அந்தக் கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன். கடைசியாகப் பேசிய பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "பாயிண்டக் குடுக்க வேண்டாம் தாயி. அந்தக் கணக்க மட்டும் திருப்பித் தெறந்து வைங்க. அவிய பேரு அதுல இருக்கட்டும்." அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அழக்கூட வரவில்லை எனக்கு.

அங்கே தங்குவதற்கான ஓட்டல் பாயிண்டை மட்டும் என் பெயரில் சேர்க்க வைத்தீர்கள் இல்லையா? தை மாதம் நீங்களே என் போனில் பதிவு செய்த அறை அப்படியேதான் இருக்கிறது. மைதானத்துக்கு நடக்கிற தூரம், ஐந்து இரவு. ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வருமாம். விமானத்துக்குக் கொடுக்க என்னிடம் வழியில்லை, அதனால் போகப் போவதும் இல்லை. ஆனாலும் ரத்து செய்ய மாட்டேன்.

மத்தியானம் அந்த ஓட்டலிலிருந்தும் ஒரு மெயில் வந்தது. வருகிறவர்கள் இரண்டு பேர் என்று போட்டு, முதலில் உங்கள் பெயர், அடுத்து என் பெயர். மாற்றம் இருந்தால் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இவர்களுக்கு நான் சொல்லப் போவதில்லை.