ரோட்டில் விட்ட கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேயிலிருந்து தமிழினி எழுதறேன். நல்லா இருக்கேனுங்க. லாரி ஓட்டறப்ப உங்களுக்கு முட்டிவலி வருதுங்களா? அம்மாவுக்குச் சளி விட்டுச்சுங்களா? போன்ல பேசினா குரல்லயே கண்டுபுடிச்சுடுவீங்கன்னுதான் எழுதறேன். பெருசா ஒண்ணுமில்லீங்க.

ஆபீஸ்ல நாங்க செய்யற ஆப் ஒழுங்கா ஓடுதான்னு சோதிக்க ஒரு சாப்ட்வேர் குடுத்திருக்காங்க. ஓப்பன் சோர்ஸ், காசில்லாம கெடைக்கறது. கத்துக்கறவ பாடுதான் நாய்ப்பாடு. கூடவே வர்ற விளக்கம் பழைய வெர்சனுக்கு எழுதினது, அதுப்படி செஞ்சா எர்ரர்தான் வருது. மேனேஜர் "நெட்ல கேளு"ங்கறார். அங்க கேட்டா, "முதல்ல விளக்கத்தைப் படி"ன்னு ஒருத்தன், வேற யாரும் பதில் எழுத முடியாதபடி என் கேள்வியையே மூடிட்டான். வயிறு எரியுதுங்கப்பா.

இதே எர்ரர் முன்னாடி இன்னொருத்தனுக்கும் வந்திருக்குது. தேடிப் புடிச்சுப் பார்த்தா, "சரியாயிடுச்சு, நன்றி"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டான். எப்படிச் சரியாச்சுன்னு ஒரு வரி இல்லை. பிரேக்டவுன் ஆன வண்டிக்குப் பின்னால வெச்ச கல்லை, வண்டி சரியானதும் எடுக்காம ரோட்டுலயே விட்டுட்டுப் போறவனை நீங்க திட்டுவீங்களே, அதுல ஒண்ணு விடாம அவனைத் திட்டினேன். ரூம்ல யாரும் இல்லாததால சத்தமாவே திட்டினேன்.

நம்மூரு லாரி எதாச்சும் இந்தப் பக்கம் வந்தா அம்மாகிட்ட பருப்புப்பொடி வாங்கிக் குடுத்துவிடுங்க. ஒரு ஆளுக்குத்தானே, கொஞ்சம் போதும். டிரைவரண்ணன் பொடியக் குடுத்த கையோட கெளம்பிட வேண்டாம். வழியில நிக்கற வண்டிகிட்ட நிறுத்திக் கேப்பீங்களே, அந்த மாதிரி "என்னாச்சு சாமி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க. வாரேனுங்கப்பா.

தமிழினி