கையைக் கீழே போடு

காரைக்கால்
11-3-1984, ஞாயிறு

அன்புள்ள மங்கைக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே ஒருவாறு நலமாக இருக்கிறோம், அங்கே பனி விட்டு நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதமும் ஆய்வின் இரண்டு அத்தியாயங்களும் வந்தன. அப்பாவுக்கு வலது கை முன்பைவிடத் தேவலை, காபி டம்ளரைத் தானே பிடித்துக்கொள்கிறார், சட்டைப் பொத்தான் மட்டும் இன்னும் நான்தான் போட்டுவிட வேண்டியிருக்கிறது. விழிதியூர் நிலத்தில் உளுந்து எடுத்தாயிற்று, சுமாரான விளைச்சல்தான். எழுத வேண்டியதை எழுதாமல் இப்படியே பக்கத்தை நிரப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஜூனில் எங்கள் கல்லூரியில் நீ வந்து சேர இருந்த வேலை உனக்குக் கிடைக்காது. நாளைக் காலை நான் செயலாளரைப் பார்த்துவிட்டு வந்ததும் அது முடிந்துபோகும். லோகாம்பாள் அத்தை எழுதித் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லி நீ தெரிந்துகொள்வது நல்லது.

ஆண்டு விழாவுக்கு நாடகம் போடும் வேலை இந்த வருஷமும் என் தலையில் விழுந்தது. என்ன போடுவது என்று அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, நீ அங்கிருந்து படியெடுத்து அனுப்பியிருந்த அந்த அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் கண்ணில் பட்டது. ஒரே மாதிரி வீடுகள் கட்டிய புதுத் தெரு, அதில் தனியாகக் குடியிருக்கும் பாட்டு டீச்சரைக் காலி செய்ய வைக்கத் தெருக்காரர்கள் கூடுகிறார்கள், எல்லாரும் கை தூக்குகிறார்கள், ஒருத்தி மட்டும் கடைசிவரை தூக்காமல் இருக்கிறாள். அது முடிந்த கையோடு செலவு ஏற்றுக்கொண்ட கம்பெனியின் பிரிட்ஜ் விளம்பரம் வருமென்றும், சோபாவில் சாய்ந்தபடி அரைமணி நேரம் தைரியசாலிகளாக இருந்துவிட்டு மறுநாள் எல்லாரும் அதே பிரிட்ஜை வாங்கப் போனார்கள் என்றும் எழுதியிருக்கிறாய், படித்துச் சிரித்தேன். நான் மெட்ராஸில் படித்த காலத்தில் மவுண்ட் ரோடு தியேட்டரில் ஓடிய ஒரு படத்தில் அப்பன் பேச்சைக் கேட்காத அமெரிக்கப் பையன் ஒருவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான், அடுத்த மாதமே பக்கத்துக் கல்லூரியில் அத்தனை பையன்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள், பிறகு அத்தனை பேரும் அப்பன் பார்த்து வைத்த பெண்ணையே கட்டிக்கொண்டார்கள். ஆகவே நாடகத்தால் எதுவும் மாறும் என்ற நம்பிக்கையில் நான் அதைத் தமிழில் எழுதவில்லை. நிறையப் பெண்களுக்கு வேஷம் இருந்தது, நாற்காலிகளைத் தவிர வேறு செலவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒருத்தியாக நடிக்க யாரும் முன்வரவில்லை, ஊரே உட்கார்ந்து பார்க்குமே என்று பயம். கடைசியில் உம்மு சல்மா என்கிற இரண்டாம் வருஷப் பெண் ஒப்புக்கொண்டாள். மூலத்தில் அவள் மேஜையைக் குத்திக் கத்த வேண்டும். இவளுக்கு அது வரவில்லை, “பெரியவங்க முன்னாடி மேசையைத் தட்டுனா எங்க வாப்பா துபாய்லேருந்து கேசட்டுல ஏசிப் பேசி அனுப்புவாங்க மேடம்” என்றாள். ஒவ்வொருவரும் மிரட்டி முடித்ததும் எழுந்து நின்று, “மன்னிச்சுக்கங்க, எனக்கு அப்படித் தோணலைங்க” என்று மட்டும் சொன்னாள், திரும்பத் திரும்ப, அதே மரியாதையோடு. கத்துவதைவிட அது நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். ஒத்திகை பார்க்க வந்த செயலாளர் தியாகராசனுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் அப்பாவுக்குப் பங்காளி முறை, உனக்கு அந்த வேலையை வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்ததும் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். “ஒத்தப் பொண்ணு தெருவையே எதுத்துக்கிட்டு நிக்கிறதோட முடிச்சா பெத்தவங்க என்ன அண்ணி நெனைப்பாங்க, கடைசியில அவளும் கையைத் தூக்கிடட்டும், ஒத்துமையைப் பத்தி ஒரு பாட்டைப் போட்டு முடிச்சிடுங்க” என்றார். கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன், அதிகம் இல்லை, எனக்கு இப்போதெல்லாம் வாதாடுகிற தெம்பு இல்லை, உன் வேலையும் அவர் கையில் இருந்தது. முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தேன். உம்மு சல்மா படித்துப் பார்த்து, “சரிங்க மேடம்” என்றாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மேடையில் இருப்பவர்களோடு பேசாமல் நாடகம் பார்க்கத் தெரியாது என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். கூத்தில் அநியாயம் செய்கிறவனை எழுந்து நின்று திட்டிப் பழகியவர்கள் இவர்கள். போன புதன்கிழமை விழா. பந்தலில் பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது, விளக்கை அணைத்திருந்தோம். உம்மு சல்மா நான்கு முறை தோணலைங்க என்றாள், ஒவ்வொரு முறையும் பெண்கள் பக்கத்திலிருந்து “ஆமா, சொல்லும்மா” என்று குரல் எழுந்தது. பிறகு நான் எழுதிக்கொடுத்தபடி அவள் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினாள். பாதிகூடத் தூக்கவில்லை, இருட்டிலிருந்து ஒரு பெண் குரல், “அடிப் பாவி, நீ சொன்னதுதானேடி ஞாயம், கையை எதுக்குடி தூக்குறே, கீழ போடு!” என்று கத்தியது. உடனே நாலா பக்கமும் “கீழ போடு, கீழ போடு” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் அந்தரத்தில் நின்ற கையோடு ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். பந்தலே சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் செயலாளர் பக்கம் சாய்ந்து, “முடிவை நான்தான் மாத்தச் சொன்னேன்னீங்களே, அது இதுதானா, பிரமாதம் போங்க” என்றாராம். எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது.

மறுநாளே விசாரணை. கத்தியது யார் என்று செயலாளருக்குத் தெரிந்தாக வேண்டும். கல்லூரி ஆளாக இருந்தால் வேலையை விட்டு நிறுத்துவது, மாணவியின் தாயாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு டி.சி. கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். பெண்கள் பக்கம் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். உம்மு சல்மாவின் தாயார் ஆஸியா பீவி, “நான் புள்ளைக்காக துஆ கேட்டுக்கிட்டு இருந்தேன், காதுல ஒண்ணும் விழலைங்களே” என்றாராம். நூலகத்து அம்மா, “கொசு பிடுங்கிட்டுது சார், காலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள். மற்ற எல்லாருக்கும் ஒரே பதில்தான், இருட்டா இருந்துச்சு, தெரியலைங்க. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். “நீங்க மேடை ஓரத்துலதான் நின்னீங்க, குரல் தெரியாம இருக்காது, பேரை மட்டும் சொல்லுங்க அண்ணி, மங்கைக்கு ஆர்டரை இப்பவே டைப் அடிக்கச் சொல்றேன், சொல்லலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறோம்” என்றார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

எனக்கு அது யாரென்று தெரியும். உனக்கும் எழுத மாட்டேன். நீ எங்கள் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் விடுதியில் அவள் வடித்த சோற்றைத்தான் மதியம் சாப்பிட்டிருக்கிறாய், அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீடு நடக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது முதலில் கோபம் வந்தது, “பேரைச் சொன்னா என்ன குடியா முழுகிடப்போவுது, என் பொண்ணு வந்து சேரணும்னு நான் ஒருத்தன் கிடக்கேனே” என்றார். குடிதான் முழுகும், அவள் குடி, என்றேன். சற்றுப் பொறுத்து, “எனக்காவது சொல்லேன், யாரு அது” என்று கேட்டார், சொல்லவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று காலையில்தான், “எழுதிடு, புள்ளை நம்பிக்கிட்டு இருக்க வேணாம்” என்றார்.

உன் அத்தியாயத்தில் ஊரோடு ஒத்துப்போகிறவர்களை ஒரு பக்கமும் எதிர்த்து நிற்கிறவர்களை மறுபக்கமும் நிறுத்தியிருக்கிறாய். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்துவிட்டு விசாரணையில் எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்ன பெண்களை எந்தப் பக்கம் நிறுத்துவாய் என்று யோசித்துப் பார், எனக்குத் தெரியவில்லை. நான் தனியாக நின்று எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவள், கூட்டத்தோடு சேர்ந்து சொல்லியும் பழக்கமில்லை. நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அப்பாவைவிட எனக்குத்தான் ஆசை அதிகம், வெளியே சொன்னதில்லை. உன் பேராசிரியர் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னாரே, சரி என்று இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு. செயலாளருக்கு நீயாக எதுவும் எழுத வேண்டாம். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, கொஞ்சம் பெரிய எழுத்தில், வருத்தத்தைக் காட்டாமல்.

நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீ நெடுநாள் இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இருமலுக்கு மிளகைத் தட்டிப் போட்டுப் பால் குடி, மறந்துவிடாதே. நாளைக் காலை போய், எல்லாரும் சொன்னதையே நானும் சொல்லப்போகிறேன், இருட்டாக இருந்தது, தெரியவில்லை என்று.

அன்புடன்,
அம்மா
தமயந்தி சோமசேகரன்