அந்த ஒரு கட்டம்

நியூஃபவுண்ட்லாந்து,
மார்ச் 12

அன்புள்ள லொரெட்டா அக்காவுக்கு,

நானும் குட்டி மகள் ஐவியும் நலம். ஆல்பர்ட்டா குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. கார் கதவில் மணிக்கட்டு நசுங்கிவிட்டது. கேட்பவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். என் போனைக் கார்லண்ட் எடுத்து எடுத்துப் பார்க்கிறான், அதனால்தான் கடிதம்.

கடலில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை. நண்டுப் படகுகள் கிளம்பும்வரை அவன் வீட்டிலேயேதான் கிடப்பான்.

போன சனிக்கிழமை, பழைய துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சர்ச்சின் கீழ்க்கூடத்துக்குப் போனேன். அங்கே இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நமக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த ஹில்டா டீச்சர்தான் எழுதுகிறார். கல்யாணமான ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கணக்கு கொடுத்ததில்லை. "ஒரு காசு சம்பாதிக்காதவளுக்கு எதுக்குடி வரிக் கணக்கு? ஊரே சிரிக்கும்" என்பான் கார்லண்ட். மடச்சி, நானும் நம்பினேன்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். வருமானம் இல்லாதவர்கள்தான் முதலில் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால்தான் வரிச் சலுகைப் பணமும் பிள்ளைக்கான மாதப் பணமும் வருமாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறதே, அதற்குத் திரைச்சீலை என்ன நிறம் என்பதுவரை அங்கேயே உட்கார்ந்து தீர்மானித்துவிட்டேன் அக்கா.

அப்புறம் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தது. கல்யாணமானவளா, பிரிந்து வாழ்பவளா? கல்யாணமானவள் என்றால், பிள்ளைப் பணத்துக்குக் கார்லண்டும் கணக்கு கொடுத்தாக வேண்டும். அவனோ பிடித்த நண்டில் பாதியை ரசீதில்லாமல் விற்பவன், கையெழுத்துப் போடவே மாட்டான். பிரிந்தவள் என்றால், தொண்ணூறு நாள் தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். தனியாக வாழப் பணம் வேண்டும், பணம் வரத் தனியாக வாழ வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

டீச்சர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவிட்டு, பென்சிலால் அந்தக் கட்டத்தைச் சுற்றி மெல்ல வட்டம் போட்டார். "பொய் எழுத எனக்குக் கை வராது, மர்னா. நீ அதை உண்மையாக்கிட்டு வா, நானே எழுதித் தரேன்" என்றார். படிவம் இப்போது அவர் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. உன் ஊருக்கு வர டிக்கெட்டுக்காக அம்மாவின் தையல் மெஷினை டீச்சர் விலைக்கு வாங்கிக்கொள்கிறார். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஏப்ரலில் படகு கிளம்பினால் ஐந்து நாள் அவன் வரமாட்டான், அதற்குள் நாங்கள் கிளம்பிவிடுவோம். உன் வீட்டில் அந்த நீலச் சோபா இன்னும் இருக்கிறதா? நாங்கள் இரண்டு பேரும் கால் நீட்டாமல் படுத்துக்கொள்வோம்.

பதிலை இந்த வீட்டுக்குப் போடாதே, இங்கே வரும் கடிதங்களை அவன்தான் பிரிப்பான். டீச்சர் பெயருக்குப் போடு. நீளமாக வேண்டாம், "வா" என்று ஓர் எழுத்து போதும்.

உன் வீட்டில் இருக்கும் எல்லோரையும் கடவுள் காப்பாற்றட்டும். தொண்ணூறு நாளைக்கு எங்களையும் அதில் சேர்த்துக்கொள், அக்கா.

உன் தங்கை,
மர்னா