மேற்குச் சுவரின் கண்ணாடி

மேடம்,

இன்று காலை ஒரு புதுக் கட்டடத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு சிலிகான் பசை பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளிச்ச வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நூலகம் ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

திருப்பூரை ஒட்டிய அந்த விசைத்தறி ஊரில் நீங்கள் நூலகர். பழைய நூலகத்தைப் பசுமைக் கட்டடமாகப் புதுப்பிக்கும் வேலைக்கு நான் ஜூனியர் இன்ஜினியர். வரைபடத்தை உங்கள் மேஜையில் விரித்தபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க சார், மேகாத்து இந்தப் பக்கந்தானுங்க வரும். இதுல எந்த ஜன்னலுங்க திறக்கும்?"

எதுவும் திறக்காது. நீங்கள் சொன்ன மேல்காற்று வந்து மோதும் மேற்குச் சுவர் முழுக்க ஒட்டிய கண்ணாடி, உள்ளே ஏசி. பசுமைக் கட்டட விதிகளில் காற்றோட்டத்துக்கென்று தனியாக ஒரு அத்தியாயமே இருந்தது. அதை நகல் எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். "படம் பாஸாயிடுச்சுப்பா. கரண்ட் மிச்சமாகிற ஏசிதானே போடறோம்?" என்றார். திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன். "விடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கு டீ வாங்கித் தந்தீர்கள்.

கட்டி முடித்த அடுத்த கோடையில் மின்வெட்டு வந்தது. மணிக்கணக்கில் ஏசி நின்றுபோனது. மதியத்துக்கு மேல் வெயில் நேராகக் கண்ணாடியில் இறங்கும். ஷிப்ட் முடிந்து பேப்பர் படிக்க வரும் தறிக்காரர்கள் பத்தே நிமிடத்தில் சட்டை நனைந்து எழுந்து போனார்கள். நீங்கள் போன் செய்தீர்கள். "ரெண்டே ரெண்டு கண்ணாடியக் கழட்டி ஜன்னல் வெச்சுக் குடுங்க சார். யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறனுங்க."

மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். கடைசிக் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது. கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று.

ஒருநாள் பல்லடம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நூலகத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பெஞ்ச் போட்டு, பேப்பர் பறக்காமல் கல் வைத்திருந்தீர்கள். வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம் கைகாட்டிக்கொண்டிருந்தீர்கள். ஸ்டாப்பில் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்வது?

மறுவருடம் மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வர முடிந்தது. நூலகத்துக்குள் யாருமில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க தம்பி. அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் தண்ணி குடுத்திருக்குமுங்க."

உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன், மேடம். வேலை முடிந்து கட்டடத்தை ஒப்படைத்தபோது, படிவத்தில் 'காற்றோட்டம் போதுமானது' என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டது மேலதிகாரி என்றேன். நீங்களும் கடைசிவரை அவரைத்தான் திட்டினீர்கள். போட்டது நான். அவர் நீட்டினார், நான் போட்டேன்.

அன்று அதைப் பெரியவரிடமாவது சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் பேப்பரில் பாதியைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இனி யாரிடம் போய்ச் சொல்ல?