கௌரி என்று வெட்டிய தட்டு

ஏலப்பாறை
4-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

கௌரி எழுதுவது. சுகமாக அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எஸ்டேட்டில் மழை விடவில்லை. லயத்து வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. எடுக்காத உங்கள் போனைவிடத் தபால்காரர் மேல் என்று எழுதுகிறேன்.

ஆறாம் மாத வயிற்றோடு சொல்லாமல் கிளம்பிவிட்டாள் என்று கோபம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. ரத்தத்தில் ஹெப்படைடிஸ் பி என்று வந்த அன்றே அத்தை என் தட்டையும் டம்ளரையும் பின்கட்டில் தனியாக வைத்தார். நீங்கள் பார்த்துக்கொண்டே சாப்பிட்டீர்கள். தட்டில் இது ஒட்டாது, ரத்தத்திலும் புருஷன் பெண்டாட்டி சேர்க்கையிலும்தான் பரவும் என்று நர்ஸ் உங்கள் எதிரில்தானே சொன்னார்? சீர்ப் பாத்திரம் மாறிப்போகக் கூடாதென்று அப்பா என் பெயரை வெட்டிக் கொடுத்த தட்டு அது. ஒதுக்கி வைக்க வசதியாகப் போயிற்று.

நீங்களும் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் இல்லையென்று வந்தால் மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். ஷிப்டில் வெறும் டீயைக் குடித்துவிட்டு நிற்காதீர்கள்.

உங்கள்
கௌரி

வேலந்தாவளம்
15-6-2025

அன்புள்ள கௌரிக்கு,

கடிதம் கிடைத்தது. பேசினால் சண்டையாகும் என்றுதான் போனை எடுக்கவில்லை. கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் ஆள் குறைவு, இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். தட்டு விஷயத்தைப் பெரிதாக்காதே. அம்மாவுக்குப் பயம், அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. அப்படியானால் உனக்கு இது யாரிடமிருந்து வந்தது? கல்யாணத்துக்கு முன்னால் இங்கே ஹாஸ்டலில் தங்கித்தான் வேலை பார்த்தாய். உண்மையைச் சொன்னால் போதும்.

தனபால்

ஏலப்பாறை
22-6-2025

மாமாவுக்கு,

யாரிடமிருந்து என்று கேட்டீர்கள். என் அம்மாவிடமிருந்து. நான் பிறந்த அன்று.

என் ரிசல்ட்டைப் பார்த்த இங்குள்ள டாக்டரம்மா, எங்கள் வீட்டில் எல்லாரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். வேலுத்தாய் அக்காவுக்கு இருக்கிறது. எனக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த தம்பி பூபதிராஜாவுக்கு இல்லை. அவன் பிறந்தபோது தடுப்பூசி வந்துவிட்டது, பிறந்த அன்றே போட்டார்கள். நாங்கள் முந்திப் பிறந்தோம், எங்கள் குற்றம் அவ்வளவுதான். ஊசி வந்த பிறகு பிள்ளைகளிடம் இது குறைந்துகொண்டே வருகிறதாம். பெரியவர்கள் உடம்பில்தான் சத்தமில்லாமல் தங்கியிருக்கிறதாம்.

அம்மா வயிறு வீங்கிச் செத்தாள். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவள். ஈரல் கெட்டுவிட்டது என்றதும் ஒளித்துக் குடித்திருப்பாள் என்று லயமே பேசியது. அக்கா ரிசல்ட் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏட்டி, அம்மையத் தப்பாப் பேசுனவுக வீட்டுக்கெல்லாம் போயி இதக் காட்டணும்ட்டி” என்று அழுதாள். நானும் அழுதேன். உங்கள் கடிதத்துக்கும் சேர்த்து.

ஏழாம் மாதத்திலிருந்து எனக்கு மாத்திரை. பிள்ளை பிறந்ததும் அதற்கு இரண்டு ஊசி போட வேண்டும். என் அம்மா எனக்குக் கொடுத்ததை நான் என் பிள்ளைக்குக் கொடுக்கப் போவதில்லை. என்னோடு இது நிற்கட்டும்.

பரிசோதிக்காமலே எனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலந்தாவளத்தில் ஜோசியமும் பார்க்கிறீர்களா?

கௌரி

வேலந்தாவளம்
10-8-2025

அன்புள்ள கௌரிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் தைரியமில்லாததுதான். உன் கடிதத்தைப் படித்த பிறகு பரிசோதனைக்குப் போனேன். எனக்கு இல்லை. முதல் ஊசி போட்டாயிற்று. ஒரே வீட்டில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும் என்றதால் அம்மாவையும் அழைத்துப் போனேன்.

அம்மாவுக்கு இருக்கிறது. பல வருஷமாக இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். ஈரல் இன்னும் கெடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து, பின்கட்டிலிருந்து உன் தட்டை எடுத்துக் கழுவி, அதில் சோற்றைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “தட்டுல ஒன்னுமில்லீங்கம்மா, உள்ள வாங்க” என்றேன். “அந்தப் புள்ளைக்கொரு நாயம், எனக்கொரு நாயமா கண்ணு?” என்றாள். அன்றிலிருந்து அந்தத் தட்டுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் மாதம் உனக்கு வளையல் போட வர வேண்டும் என்கிறாள். நான் சொன்னால் கேட்பதில்லை. தட்டை விடச் சொல்லி நீ ஒரு வார்த்தை எழுது. அம்மாவோடு நானும் வரட்டுமா?

உன்
தனபால்

ஏலப்பாறை
19-8-2025

மாமாவுக்கு,

பிள்ளை நன்றாக உதைக்கிறது. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அத்தை, அந்தத் தட்டு என்னுடையது. உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே எல்லாரோடும் உட்கார்ந்து உண்ணுங்கள். இதுவரை என்னை எஸ்டேட்டுக்காரி என்றே கூப்பிட்டீர்கள். இப்போது மூன்று வேளையும் என் பெயர் கண்ணில் படுமில்லையா? வளையலோடு வாருங்கள். அக்கா உங்களுக்காகக் கோழி அடிப்பாள். ஒரே பந்தியில் உட்காருவோம்.

இனி உங்களுக்கு மட்டும். யாரிடமிருந்து வந்தது என்று என்னைக் கேட்டீர்களே, அத்தையிடம் அதைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கவும் கூடாது. ஆனால் அங்கே வாயில் வராத கேள்வி என்னிடம் மட்டும் எப்படி வந்தது? அதற்குப் பதில் எழுதுங்கள்.

அதுவரை, அத்தையை ஏலப்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும். தம்பி வந்து அழைத்துக்கொள்வான்.

கௌரி